பாடாந்தரமும் ஞாபகக் கணக்கும்

இலுப்பூர் வட்டத்துக் குடுமியான்மலையில், சிகாநாதசாமி கோயிலை ஒட்டிய குன்றுச்சரிவில், மேலைக்கோயில் என்னும் குடைவரைக்கு அருகே பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டிருக்கும் சங்கீதக் கல்வெட்டு, ஏழு கிராம ராகங்களுக்குரிய சுரக்கோவைகளை நான்கு நான்காகப் பிரித்து வரிசைப்படுத்தித் தருகிறது. 7ஆம் நூற்றாண்டினதென்று பெரும்பாலும் கருதப்படும் அதன் இறுதியில், உருத்திராசாரியரின் சீடனாகிய மன்னன் ஒருவன் மாணாக்கர் நன்மையின்பொருட்டு இதனை இயற்றினான் என்ற செய்தி காணப்படுகிறது. எனினும் அம்மாணாக்கர் வழிவந்த பாடாந்தரம் இடையில் அற்றுப்போனமையால், அச்சுரங்களை அக்காலத்தவர் இசைத்த விதத்தை இன்று ஒருவரும் நிச்சயமாகக் கூற இயலாது. சுரத்தைக் கல் காத்தது. இசையைக் காக்க இடையறாத அப்பியாசம் வேண்டும்.

அந்த அப்பியாசத்துக்கு நாளில் நேரம் போதாது என்பதே சங்கீதக்காரரின் சங்கடம். உருப்படிகள் பெருகப் பெருக, எல்லாவற்றையும் தினந்தோறும் பாடிப் பார்ப்பது எந்த வித்துவானுக்கும் சாத்தியமன்று. பிடித்தமானவையே திரும்பத் திரும்ப வாயில் வர, பெரும்பாலும் நவராத்திரியில் மட்டும் எடுக்கப்படும் தீட்சிதரின் கமலாம்பா நவாவரணக் கிருதிகள் போன்றவை அடுத்த ஆண்டுக்குள் நழுவத் தொடங்குகின்றன. இதற்குப் பரிகாரமாக அமைந்தவையே ஞாபகப் பயிற்சி மென்பொருள்கள்.

1885இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து சோதித்து, கற்றது முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் மறந்துபோகிறது என்றும், ஒரே அமர்வில் உருப்போடுவதினும் இடைவெளி விட்டு ஓதுவதே பயன் தருமென்றும் காட்டினார். அந்தத் தத்துவத்தைக் கொண்டே 1987இல் போலந்தில் சூப்பர்மெமோ என்னும் மென்பொருளும் 2006இல் அன்கியும் பிறந்தன. தடையின்றி நினைவுக்கு வந்த பாடத்தைச் சில நாள் கழித்து, பிறகு சில வாரம், பிறகு சில மாதம் என்று தள்ளித் தள்ளிக் கேட்பதும், தடுமாறியதை மறுநாளே முன்வைப்பதுமே இவற்றின் கணக்கு.

ஆனால் பல்லவியின் முதலடி நினைவிருப்பதால் மட்டும் கிருதி பாடமாகிவிடாது. பல்லவியிலிருந்து வந்த ஓட்டத்தில் தானாக எழும் சரணம், அதையே தனியாக எடுக்கச் சொன்னால் நின்றுவிடும். ஆகவே பல்லவி, அனுபல்லவி, சரணம், சிட்டைசுரம் ஆகியவற்றுக்குத் மென்பொருளில் தனித்தனிக் கேள்விச் சீட்டுகள் எழுதி, ஒவ்வொன்றிலும் ராகம், தாளம், எடுப்பு ஆகியவற்றை மட்டும் குறித்து, அவ்விடத்திலிருந்து தாளம் போட்டு வாய்விட்டுப் பாடிய பின்னரே எளிதா, கடினமா, மறந்ததா என்று மனச்சாட்சியோடு மதிப்பிட வேண்டும். சாகித்தியம் முழுதும் வந்து ஒரு சங்கதி மட்டும் விடுபட்டால், அந்தச் சங்கதிக்கென்றே ஒரு சீட்டு சேர்ப்பது நலம். இடையிடையே கிருதி முழுவதையும் நிறுத்தாமல் பாடிப்பார்ப்பதும் அவசியம்.

கமகத்தின் அசைவு சரியா என்பதை இந்த மென்பொருள் அறியாது. பிழையாகப் பதிந்ததையும் அது அதே நியமத்தோடு உறுதிப்படுத்திவிடும். ஆதலால் பாடத்தை முதலில் ஆசிரியர் முன் திருத்திக்கொண்டு, அவர் பாடிய ஒலிப்பதிவைச் சீட்டின் மறுபுறத்தில் வைத்துக்கொள்வதே உத்தமம். எந்நாளில் எதைப் பாடுவது என்ற கணக்கை மட்டும் இயந்திரத்திடம் ஒப்புவித்து, எப்படிப் பாடுவது என்பதைக் குருவிடமும் தம் செவியிடமும் கேட்டுத் தெளியும் மாணவரிடத்தில் பாடாந்தரம் அறாமல் நிலைக்கும்.