வைபை வந்தால் லேப்டாப் செத்துப்போகிறதா? "போர்டு போச்சு" என்றால் உடனே நம்பாதீர்கள்!

சென்னை மவுண்ட்ரோட்டில் இருந்து உள்ளே திரும்பினால் ரிச்சி தெரு. பக்கத்திலேயே நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு. எங்கு பார்த்தாலும் கம்ப்யூட்டர், ஒயர், சார்ஜர், செல்போன் உதிரி பாகம். நடக்க இடம் இருக்காது.

அந்த நெரிசலுக்குள் ஒருநாள் மாலை 5 மணிக்கு ஒருவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். தோளில் ஒரு பை. பைக்குள் லேப்டாப். முகமெல்லாம் வியர்வை.

அவர் பாரிமுனை பக்கம் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவர். மளிகைக்கடை, பாத்திரக்கடை, பேப்பர் கடை என்று 18 கடைகளின் கணக்கு அந்த லேப்டாப்பில்தான் இருக்கிறது. அன்று தேதி 20.

20-ந் தேதி என்றால் என்ன என்று கடைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது இல்லை. மாதாமாதம் ஜி.எஸ்.டி. "3-பி" கணக்கு தாக்கல் செய்கிறவர்களுக்கு அதுதான் கடைசி நாள். வியாபாரம் நடந்த கடை என்றால், தவறிய ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் தாமதக் கட்டணம். வரிக்கு வட்டி தனி. 11 கடை முடிந்துவிட்டது. பாக்கி 7 கடை.

14 ஆயிரம் ரூபாய்!

"ஜி.எஸ்.டி. பக்கத்தைத் திறந்தா போதும் சார். 5 நிமிஷம் ஓடும். அப்புறம் படக்குனு நீலக்கலர் ஆயிடும். 'உங்க கம்ப்யூட்டரில் கோளாறு'னு இங்கிலீஷ்ல வரும். தானா அணைஞ்சு தானா எரியும். காலையில இருந்து 9 தடவை!" என்றார், அவர்.

வீட்டுப் பக்கம் ஒரு கடையில் காட்டி இருக்கிறார். திறந்துகூடப் பார்க்கவில்லை. "போர்டு போச்சு. மாத்த 14 ஆயிரம் ஆகும். 4 நாள் கழிச்சு வாங்க" என்று சொல்லிவிட்டார்களாம்.

4 நாளுக்கு எங்கே போவது? அதனால்தான் ரிச்சி தெருவுக்கு ஓடிவந்தார். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன கடை. உள்ளே மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மெக்கானிக்.

"பாய், எதாவது பண்ணுங்க. 7 பேர் என்னை நம்பி இருக்காங்க" என்றார்.

ஒரே ஒரு கேள்வி

மெக்கானிக் ஸ்குரூடிரைவரை எடுக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டார்.

"எப்ப நிக்குது? கணக்கு எழுதும்போதா, நெட் போடும்போதா?"

இவர் யோசித்துப் பார்த்தார். வீட்டில் வைபையை அணைத்துவிட்டு 2 மணி நேரம் பில் பதிவு செய்தபோது ஒன்றும் ஆகவில்லை. வைபையைப் போட்டால்தான் வம்பு.

"நீலத்திரை வந்தப்ப போட்டோ எடுத்தீங்களா?"

நல்ல வேளை, செல்போனில் எடுத்து வைத்திருந்தார். அதில் கீழே ஒரு பைல் பெயர். "நெட் டபிள்யூ டி டபிள்யூ" என்று ஆரம்பித்து "சிஸ்" என்று முடிந்தது. மெக்கானிக் சிரித்தார்.

"போர்டு போகலை சார். இது இன்டெல் வைபை கார்டோட டிரைவர். மொதல்ல உங்க வேலையை முடிங்க. வைத்தியம் நாளைக்குப் பார்க்கலாம்" என்றார்.

வைபையை அணைத்தார். செல்போனை யு.எஸ்.பி. ஒயரில் லேப்டாப்போடு சேர்த்தார். போனில் "யு.எஸ்.பி. டெதரிங்" என்பதைப் போட்டார். இன்டர்நெட் ஒயர் வழியாக வந்தது. வைபை கார்டுக்கு வேலையே இல்லை!

கடை ஸ்டூலில் உட்கார்ந்தபடியே நமது கணக்கர் வேலையைத் தொடங்கினார். ஒருதடவைகூட நிற்கவில்லை. இரவு 9 மணிக்கு ஏழாவது கடையும் முடிந்தது.

டிரைவர் என்றால் என்ன?

ஒரு சின்ன வைபை கார்டு முழு லேப்டாப்பையும் எப்படிச் சாய்க்கும்? மெக்கானிக் கூறியதாவது:-

"டிரைவர்னா வண்டி ஓட்டுறவர் இல்லை. அந்தக் காலத்துல மெட்ராஸ்ல வெள்ளைக்காரனுக்கும் வியாபாரிக்கும் நடுவுல துபாஷி இருந்தாரு பாருங்க, அந்த மாதிரி. கார்டு பேசுறதை விண்டோசுக்குச் சொல்றது டிரைவர். அது உட்கார்ந்திருக்கிற இடம் வீட்டோட உள்அறை. அங்க இருந்துக்கிட்டு தொடக்கூடாத இடத்தைத் தொட்டா, பைலெல்லாம் கெட்டுப்போயிடக் கூடாதுனு விண்டோஸ் தானே எல்லாத்தையும் நிறுத்திடும். அதுதான் நீலத்திரை."

2024-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி நடந்தது நினைவு இருக்கலாம். "கிரவுட்ஸ்டிரைக்" என்ற பாதுகாப்பு மென்பொருளில் வந்த ஒரு தப்பான பைலால், உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாசைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதுவும் உள்அறைக் கோளாறுதான்.

விண்டோஸ் 11-ல் 2025-ம் ஆண்டு செய்த மாற்றத்துக்குப் பிறகு இந்தத் திரை கறுப்பாக வருகிறது. நிறம்தான் மாறியது. வியாதி அதேதான்!

வீட்டிலேயே சோதிக்கலாம்

கடைக்கு ஓடும் முன் நீங்களே பார்க்க வேண்டியவை:

1. திரையைப் போட்டோ எடுங்கள். பைல் பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. "ஆர் டி டபிள்யூ" என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் ரியல்டெக் வைபை.

2. ஸ்டார்ட்டில் "ரிலையபிலிடி" என்று டைப் செய்யுங்கள். எந்தெந்த நாளில் மிஷின் விழுந்தது என்று தேதிவாரியாக வரும். புது அப்டேட் வந்த மறுநாளில் இருந்து வம்பு என்றால் டிரைவர் மீதுதான் சந்தேகம்.

3. வைபையை அணைத்துவிட்டு அரைநாள் ஓட்டுங்கள். அப்போதும் விழுந்தால் ராம், டிஸ்க், சூடு என்று வேறு பக்கம் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரன் செய்த தப்புக்கு இவன் பெயர் திரையில் வருவதும் உண்டு!

4. ஸ்டார்ட் ஆனதுமே விழுகிறதா? ஷிப்ட் பொத்தானை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து "சேப் மோடு" போங்கள். சாதா சேப் மோடில் வைபை டிரைவர் ஏறாது.

5. டிவைஸ் மானேஜரில் வைபை கார்டின் பெயரைத் திறந்தால் "ரோல் பேக் டிரைவர்" இருக்கும். அதை அழுத்தினால் பழைய டிரைவர் வரும். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால், டிரைவரை அடியோடு நீக்கிவிட்டு, லேப்டாப் கம்பெனியின் சொந்த தளத்தில் உங்கள் மாடலுக்கு உள்ளதைப் போடுங்கள்.

6. அங்கேயே "பவர் மானேஜ்மெண்ட்" இருந்தால், மின்சாரம் மிச்சம் பிடிக்க கார்டை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். தூங்கி எழுந்ததும் விழுகிற லேப்டாப்புகளில் சில இதில் சரியாகும்.

"டிரைவர் எல்லாத்தையும் இலவசமா புதுப்பிக்கிறோம்னு வர்ற புரோகிராமைத் தொடாதீங்க. ஒண்ணைச் சரிபண்ண ஒன்பதைக் கெடுக்கும்" என்று எச்சரிக்கிறார், மெக்கானிக்.

"ஷட்டவுன் பண்ணி போட்டேன், சரியாகலை" என்று பலர் சொல்வார்கள். "பாஸ்ட் ஸ்டார்ட்டப்" இருக்கும் மிஷினில் ஷட்டவுன் முழு ஓய்வு அல்ல. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் டிரைவர் புதிதாக ஏறும்.

கார்டே கெட்டிருந்தால்?

கணக்கருக்கு மறுநாள் புது டிரைவர் போட்டார்கள். 2 நாள் ஓடியது. மூன்றாம் நாள் வைபை அடையாளமே திரையில் இருந்து மறைந்தது. கொஞ்ச நேரத்தில் வந்தது. மறுபடி மறைந்தது.

"இப்பதான் கார்டு மேல கையை வைக்கணும்" என்றார், மெக்கானிக்.

பேட்டரி இணைப்பைக் கழற்றினார். கட்டைவிரல் அகலத்தில் ஒரு கார்டு. ஒரே ஒரு ஸ்குரூ. மேலே கறுப்பு, வெள்ளை என்று 2 மெல்லிய ஆன்டெனா ஒயர். முதலில் சுத்தம் செய்து திரும்ப அழுத்திப் பொருத்தினார். சும்மா ஆடிப்போயிருந்தால் அதிலேயே சரியாகிவிடும். இவருக்கு ஆகவில்லை. புது கார்டு போட்டார்கள். கூலியோடு சேர்த்து ரூ.1,400.

இதிலும் உஷார் தேவை. இன்டெல் கார்டிலேயே 2 ஜாதி உண்டு. ஏ.எக்ஸ்.210 என்பது பல மிஷின்களில் வேலை செய்யும். ஏ.எக்ஸ்.211 அதற்கென்று அமைந்த இன்டெல் போர்டில் மட்டும்தான் ஓடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். சில மெல்லிய லேப்டாப்புகளில் கார்டை போர்டோடு பற்றவைத்து இருப்பார்கள். அதைக் கழற்ற முடியாது. வைபையை டிவைஸ் மானேஜரில் நிறுத்திவிட்டு, சின்ன யு.எஸ்.பி. வைபை வாங்கிச் செருகிக்கொள்ளலாம்.

லேப்டாப்பைக் கடையில் விட்டுப்போகிறவர்கள் கணக்கு பைல்களை முதலில் வேறு டிஸ்கில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் வரிக்கணக்கு அதில் இருக்கிறது!

14 ஆயிரம் ரூபாய் என்று மிரட்டிய வியாதி 1,400 ரூபாயில் தீர்ந்தது. பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய கணக்கர் சொன்னார்:

"காலையில இருந்து ஜி.எஸ்.டி. ஆபீசைத் திட்டிக்கிட்டே இருந்தேன் சார். இந்த ஒருதடவை அவங்க மேல தப்பு இல்லை!"