புது வண்டிக்குப் பழைய ஆயிலா? கார் வைத்திருப்போர் கவனத்துக்கு!

(நமது கல்யாண் நிருபர்)

ஒரு சின்ன ரப்பர் வளையம். உள்ளங்கையில் அடங்கிவிடும். அதனால் ஒரு குடும்பத்தின் மூன்று மாத வருமானம் போய்விட்டது என்றால் நம்புவீர்களா? கல்யாண் பகுதியில் வசிக்கும் நம்மவர் ஒருவருக்கு நேர்ந்த கதி இது.

அவர் திருநெல்வேலிச் சீமைக்காரர். பல ஆண்டுகள் பிறர் வண்டியை ஓட்டிக் கஷ்டப்பட்டு, கடைசியில் வங்கிக் கடனில் சொந்தமாக ஒரு பெட்ரோல் கார் வாங்கினார். வாடகைக்கு ஓட்டித் தவணை கட்டி வந்தார். மழைக்காலத்துக்கு முன் ஆயில் மாற்ற வேண்டியிருந்தது. கம்பெனி சர்வீஸில் கூடுதல் பணம் ஆகுமே என்று சாலையோர ஒர்க்ஷாப் ஒன்றில் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. பில் கிடையாது.

மறுநாள் விடியற்காலைச் சவாரி. தானே நோக்கிப் போகும்போது, எண்ணெய்க் குவளை படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. "இன்னும் நாலு கிலோமீட்டர்தானே, சவாரியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டினார். பாதி தூரம் போவதற்குள் கடகடவென்று சத்தம். பிறகு வண்டி நின்றது. நின்றது நின்றதுதான்! என்ஜின் பிடித்துக்கொண்டுவிட்டது.

பிரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. பழைய ஆயில் பில்டரைக் கழற்றியபோது அதன் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு தங்கிவிட்டது. அதைக் கவனிக்காமல் புது பில்டரை அதன்மேலேயே முடுக்கியிருக்கிறார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள். அழுத்தம் ஏறியதும் வளையம் பிதுங்கி, ஆயில் முழுவதும் சாலையில் கொட்டிவிட்டது. பில் இல்லாததால் ஒர்க்ஷாப்காரர் கையை விரித்தார். வெளியில் செய்த வேலைக்கு உத்தரவாதம் கிடையாது என்று கம்பெனியும் சொல்லிவிட்டது.

மராட்டிய மண்ணில் உழைத்துப் பிழைக்கும் நம்மவர் பலர் இன்று முதல் முறையாகக் கார் வாங்குகிறார்கள். வண்டியின் நிறத்தையும் மைலேஜையும் நாலு பேரிடம் விசாரிப்பவர்கள், ஆயில் விஷயத்தை மட்டும் கடைக்காரரிடம் விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

பத்மினி காலம் போய்விட்டது

மும்பையின் அடையாளமாக இருந்த கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரோடு சாலைகளிலிருந்து விடைபெற்றன. அந்த வண்டிகளுக்கு 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்ற கெட்டியான ஆயில் பொருத்தமாக இருந்தது. வண்டி போய்விட்டது; வழக்கம் போகவில்லை. "கெட்டியான ஆயில் போட்டால்தான் என்ஜின் உழைக்கும்" என்று சொல்லும் மெக்கானிக்குகள் இன்றும் இருக்கிறார்கள்.

இன்றைய என்ஜின்களின் அமைப்பே வேறு. ஆயில் ஓடும் துவாரங்கள் சிறியவை. பேரிங் இடைவெளி நுணுக்கமானது. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றியமைக்கும் கருவிகூட பல வண்டிகளில் ஆயில் அழுத்தத்தால்தான் இயங்குகிறது. இவற்றுக்குள் கெட்டியான ஆயிலை ஊற்றினால், அது போக வேண்டிய இடத்துக்குத் தாமதமாகப் போகும். பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும்.

மும்பையில் குளிர் ஏது?

டப்பாவில் 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம்? டபிள்யூ என்பது ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண், குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைக் காட்டுகிறது. எண் குறையக் குறைய ஓட்டம் சுலபம். பின்னால் உள்ள எண், 100 டிகிரி சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிப்பது.

"நம்ம ஊரில் பனியா கொட்டுகிறது, எதற்கு இந்தக் குளிர்கால ஆயில்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஓடும் என்ஜினில் ஆயிலின் சூடு 100 டிகிரியை ஒட்டி இருக்கும். அதோடு ஒப்பிட்டால் மும்பையின் 25 டிகிரி காலைநேரம் என்ஜினுக்குக் குளிர்தான். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும் அந்தச் சில வினாடிகளில்தான் தேய்மானம் மிகுதி. சீக்கிரம் மேலே ஏறும் ஆயில் அந்தத் தேய்மானத்தைக் குறைக்கிறது.

இன்று பல புதுப் பெட்ரோல் கார்களுக்கு 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 ஆயிலைத் தயாரிப்பாளரே குறித்திருக்கிறார். சிலவற்றுக்கு இன்னும் லேசான 0டபிள்யூ-16. உங்கள் வண்டிக்கு எது என்பது வண்டியோடு வந்த கையேட்டில் அச்சாகியிருக்கிறது. அந்தப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையோடு அப்படியே வைத்திருப்பவர்கள் இன்றே பிரித்துப் படியுங்கள்.

சயான் பக்கம் நீண்ட நாளாகத் தொழில் செய்யும் நம்மூர் மெக்கானிக் ஒருவரிடம், "அண்ணாச்சி, எந்த ஆயில் நல்ல ஆயில்?" என்று கேட்டேன்.

"நல்ல ஆயில்னு தனியா ஒண்ணு கிடையாது தம்பி. புத்தகத்துல போட்டிருக்கிற ஆயில்தான் உங்க வண்டிக்கு நல்ல ஆயில். ஒசந்த விலை குடுத்து வேற ஆயில் ஊத்துனாலும் அது தப்பான ஆயில்தான்" என்றார்.

இரண்டு எழுத்து ரகசியம்

எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. டப்பாவில் ஏ.பி.ஐ. என்று போட்டு, பக்கத்தில் இரண்டு எழுத்து இருக்கும். இது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரக் குறியீடு. முதல் எழுத்து 'எஸ்' என்றால் பெட்ரோல் என்ஜினுக்கு. 'சி' என்றால் டீசலுக்கு. இரண்டாம் எழுத்து அகர வரிசையில் முன்னேற முன்னேறத் தரம் புதியது. 'எஸ்.என்.' 2010-ல் வந்தது. 'எஸ்.பி.' 2020-ல் வந்தது. 'எஸ்.க்யூ.' 2025-ல் வந்தது. பெட்ரோல் வரிசையில் புதிய எழுத்துள்ள ஆயிலைப் பழைய எழுத்து கேட்கும் வண்டிக்கு ஊற்றலாம். கெட்டித்தன்மை எண் மட்டும் பொருந்த வேண்டும். புது வண்டிக்குப் பழைய எழுத்து ஆயில் கூடாது.

டர்போ வைத்த சிறிய பெட்ரோல் என்ஜின்காரர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். குறைந்த வேகத்தில் அழுத்தி ஓட்டும்போது, தீப்பொறி விழுமுன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும் அபாயம் அவற்றில் உண்டு. பிஸ்டனே உடைந்துபோகலாம். அதைத் தடுக்கும் குணம் 'எஸ்.பி.' தர ஆயிலில் சேர்க்கப்பட்டிருக்கிறது.

டீசல் வண்டிக்குத் தனிக் கவனம்

2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பி.எஸ். 6 விதி நாடு முழுவதும் அமலுக்கு வந்தது. அதன்பின் வந்த டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. ஆயில் சிறிது சிறிதாக எரியும்போது மிஞ்சும் சாம்பல் இந்த வடிகட்டியை அடைத்துவிடும். கரித்தூளை எரித்து நீக்கலாம். சாம்பலை அப்படி எரிக்க முடியாது. ஆகவே சாம்பல் குறைந்த ஆயிலையே போட வேண்டும். பழைய லாரிக்கு ஊற்றும் ஆயிலில் நாலு லிட்டர் வாங்கிக் காருக்கு ஊற்றிச் சிக்கனம் பிடிப்பவர்கள், பிறகு வடிகட்டி மாற்ற அதைவிடப் பல மடங்கு செலவழிக்க நேரும்.

சி.என்.ஜி.யில் ஓடும் வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வாயுவில் கரி குறைவு என்பதால் ஆயில் நெடுநாள் தெளிவாகவே தோன்றும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். தெளிவாக இருந்தாலும் அதன் சத்து போயிருக்கும். அதேபோல ஆயில் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்றும் அர்த்தமில்லை. அழுக்கைத் தன்னுள் தாங்கிக்கொள்வது ஆயிலின் வேலைகளில் ஒன்று. டீசல் என்ஜினில் அது சீக்கிரமே கறுத்துவிடும்.

ரயில்வே டீசல் ஷெட்களில் கண்ணால் பார்த்து முடிவு செய்வதில்லை. ஆயில் மாதிரியை எடுத்துப் பரிசோதனைக் கருவியில் வைத்து, இரும்பும் செம்பும் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். எந்தப் பாகம் தேய்கிறது என்பதை ஆயிலே சொல்லிவிடும். நம் காருக்கு அவ்வளவு வசதி இல்லை. நமக்குள்ள கணக்கு கிலோமீட்டரும் காலண்டரும்தான். பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது என்பது கெடு. நெரிசலில் நின்று நின்று ஓடும் வண்டிக்கும், சிறு தூரமே ஓடும் வண்டிக்கும் அதற்கு முன்பே மாற்றும்படி கையேடுகள் கூறுகின்றன. மும்பையில் ஓடும் வண்டி எந்த ரகம் என்று சொல்லவும் வேண்டுமா?

பில்டரில் சிக்கனம் வேண்டாம்

வெளியில் பார்த்தால் பில்டர் ஒரு தகர டப்பா. உள்ளே மடித்து வைத்த காகிதம். அதில்தான் ஆயிலின் அழுக்கு தங்குகிறது. இரண்டு வால்வுகளும் உண்டு. ஒன்று, வண்டி நிற்கும்போது ஆயில் கீழே வடிந்துவிடாமல் தடுப்பது. மற்றொன்று, காகிதம் அடைத்துக்கொண்டால் திறந்துகொண்டு என்ஜினுக்கு வடிகட்டாத ஆயிலையாவது அனுப்புவது.

மலிவான பில்டரில் காகித மடிப்பு குறைவு. வால்வு ரப்பர் சீக்கிரம் விறைத்துவிடும். விளைவு, காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில வினாடி 'தடதட' சத்தம். மேலும், கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு பில்டர்களின் மரை, வளையத்தின் அளவு, வால்வு திறக்கும் அழுத்தம் எல்லாம் வேறு வேறாக இருக்கலாம். குர்லா கடைத்தெருவில் "இதுவும் அதுவும் ஒண்ணுதான் சார்" என்று கொடுப்பதை வாங்காமல், பாக எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஆயில் மாற்றும்போதெல்லாம் பில்டரையும் மாற்றிவிடுவது உத்தமம்.

பக்கத்தில் நின்று பாருங்கள்

ஆயில் மாற்றும் நேரத்தில் டீக்கடைக்குப் போகாதீர்கள். கவனிக்க வேண்டியவை இவை:

1. பழைய பில்டர் கழன்றதும், அதன் ரப்பர் வளையம் அதோடு வந்துவிட்டதா என்று பாருங்கள்.

2. புது வளையத்தில் துளி ஆயில் தடவி, கையாலேயே முடுக்கச் சொல்லுங்கள். பொதுவாக வளையம் தொட்டபின் முக்கால் சுற்று போதும். கூடு தனியாக, காகிதம் தனியாக உள்ள பில்டரானால், உடன் வரும் புது வளையத்தையும் போட வேண்டும்.

3. ஆயில் வடிக்கும் நட்டுக்கு அடியில் உள்ள வாஷரைப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள்.

4. டப்பாவை உங்கள் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள். மூடி முத்திரை, தேதி, விலை அச்சு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். காலி டப்பாவைக் கத்தியால் கீறிவிடுங்கள். போலி ஆயில் வியாபாரத்துக்கு முதலீடே இந்தக் காலி டப்பாக்கள்தான்.

5. அளவுக் கம்பியில் இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் நிற்க வேண்டும். "கொஞ்சம் கூட இருக்கட்டும்" என்று மேல் குறியைத் தாண்டி ஊற்றினால் ஆயில் நுரைத்துக் கெடுதல் செய்யும்.

6. என்ஜினை ஓடவிட்டு, அடியில் குனிந்து கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நிறுத்திச் சில நிமிடம் கழித்து மீண்டும் அளவு பாருங்கள்.

7. ஆயில் பெயர், எண், பில்டர் பாக எண், கிலோமீட்டர் எல்லாம் எழுதிய பில் வாங்குங்கள்.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. அது அபாயக் கழிவு என்பது சட்டம். பழைய ஆயில் சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடச் சொல்லுங்கள். மிஞ்சிய கார் ஆயிலை மோட்டார் சைக்கிளில் ஊற்றுவதும் தவறு. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே இருக்கிறது. கார் ஆயிலால் அது வழுக்கத் தொடங்கிவிடும்.

இவ்வளவும் செய்தபிறகும் என்றாவது அந்தச் சிவப்பு விளக்கு ஓட்டத்தில் எரிந்தால்? அப்போதே ஓரம் கட்டி என்ஜினை நிறுத்துங்கள். சவாரிக்காரர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. வேறு வண்டி பிடித்துப் போவார்.

கல்யாண் அன்பர் இப்போது மறுபடியும் பிறருடைய வண்டியை ஓட்டுகிறார். அவருடைய கார் என்ஜின் வேலை முடிந்து வருவதற்காக ஒர்க்ஷாப்பில் காத்திருக்கிறது. தவணை மட்டும் காத்திருக்கவில்லை. மாதாமாதம் வந்துகொண்டுதான் இருக்கிறது. "அந்த விளக்கு எரிஞ்சதும் நிறுத்தியிருந்தா, ஆயில் செலவோட போயிருக்கும் சார்" என்று அவர் சொன்னதை நம்மவர்கள் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.