கேட்ச் போட வேண்டிய இடம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை நடத்துபவர் எல்லா வேலையையும் தன் கூரைக்குள்ளேயே முடிப்பதில்லை. கடைந்த ஷாஃப்டுகளை முலாம் பூச ஓரிடத்துக்கும், ஹீட் ட்ரீட்மென்டுக்கு இன்னோரிடத்துக்கும் சலான் போட்டு அனுப்பிவிடுவார். சரக்கு திரும்பும்வரை லேத்தை நிறுத்திவைக்க மாட்டார். அடுத்த ஆர்டரை மாட்டி ஓட்டுவார். 1964-ல் தொடங்கிய அந்தப் பேட்டைக்குள் இப்போது ஐ.டி. கட்டடங்களும் எழும்பியிருக்கின்றன. அங்கே எழுதப்படும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள் ஓடுவதும் இதே முறையில்தான்.

ஜாவாஸ்கிரிப்ட் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் பார்க்கும். சர்வரிடம் எதையாவது கேட்க வேண்டும் என்றால், அதை வெளியே ஒப்படைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ஒப்படைத்ததற்கு அத்தாட்சியாகக் கையில் இருப்பது ப்ராமிஸ். அதற்கு மூன்றே நிலைகள்: இன்னும் வரவில்லை, சரியாக வந்துவிட்டது, ரிஜெக்ட் ஆகிவிட்டது.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், பதில் வந்து சேரும்போது கேட்ட வரி எப்போதோ முடிந்திருக்கும். அந்தப் பதில் பிழையாக வந்தால் அதை யார் பிடிப்பது? பிரெண்டன் ஐக் 1995-ல் நெட்ஸ்கேப்பில் பத்தே நாளில் இந்த மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். 1999-ல் வந்த மொழித் தரத்தின் மூன்றாம் பதிப்பில், பிழையைப் பிடிக்கும் ட்ரை-கேட்ச் சேர்ந்தது. ஆனால் ட்ரை என்ற கட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது எழும் பிழையை மட்டுமே அது பிடிக்கும். கட்டு முடிந்தபின் வந்து சேரும் பிழை அதன் கைக்கு எட்டாது. ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸை 2009-ல் ரயன் டால் வெளியிட்ட பிறகு, பதில் வந்ததும் அழைக்கப்படும் ஃபங்ஷனான கால்பேக்கின் முதல் மதிப்பாகப் பிழையைத் தருவது என்ற வழக்கம் வேரூன்றியது. ஒவ்வொரு கால்பேக்கிலும் அதைச் சரிபார்த்தாக வேண்டும். ஓரிடத்தில் மறந்தால் பிழை சத்தமில்லாமல் மறைந்துவிடும். 2015-ல் ப்ராமிஸும் 2017-ல் அசிங்க்-அவைட்டும் தரத்துக்குள் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. அவைட் என்று எழுதினால் அந்த ஃபங்ஷன் மட்டும் அங்கே காத்திருக்கும். ரிஜெக்ட் ஆனால் அந்த வரியிலேயே பிழை எழும். சுற்றியுள்ள கேட்ச் அதைப் பிடிக்கும்.

இந்த வசதியே இன்னொரு பழக்கத்தைக் கொண்டுவந்துவிட்டது: எங்கு பார்த்தாலும் ட்ரை-கேட்ச். அம்பத்தூரிலிருந்து சென்ட்ரலுக்குப் புறநகர் ரயில் டிக்கெட் எடுக்கும் நிரல் ஒன்றை எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் எவ்வளவு என்று கேட்க வேண்டும், பணத்தைப் பெற வேண்டும், டிக்கெட்டைக் கொடுக்க வேண்டும். மூன்றுக்கும் தனித்தனியாக ட்ரை-கேட்ச். கேட்சுக்குள் ஒரே ஒரு வரி: பிழையைக் கன்சோலில் அச்சிடு. சிக்னல் போய் முதல் கோரிக்கை தோற்கிறது. கேட்ச் அதைப் பிடித்து அச்சிட்டுவிட்டு நிரலை மேலே நடக்க விடுகிறது. கட்டணம் என்ற மாறியில் மதிப்பே இல்லை, அன்டிஃபைன்ட். அடுத்த படி அந்த வெற்று மதிப்பை எடுத்துக்கொண்டு பணம் கேட்கப் போய், அங்கே வெடிக்கிறது. காலையில் வந்து பார்க்கும் நிரலாளர் பணப் பகுதியில் தேடிக்கொண்டிருப்பார். கோளாறு அங்கே இல்லவே இல்லை.

பிழை வந்தால் என்ன செய்வது என்று முடிவெடுக்கக்கூடிய இடத்தில் மட்டும் கேட்ச் போட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. முடிவெடுக்க முடியாத இடத்தில் பிழையை மேலே போக விட்டுவிடலாம். கட்டணம் கேட்பது வெறும் வாசிப்பு. தோற்றால் இன்னொரு முறை கேட்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. அங்கே ஒரு கேட்ச் நியாயம். பணம் பெறும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பினால் பயணியின் கணக்கில் இரண்டு முறை கழியலாம். பணம் போய், டிக்கெட் வராமல் நின்றால் அதே பரிவர்த்தனை எண்ணில் டிக்கெட்டைக் கேட்க வேண்டும், கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்ப வேண்டும். மற்ற பிழைகள் எல்லாம் உச்சியில் உள்ள ஒரே இடத்துக்கு வரட்டும். அங்கே பயணிக்கு ஒரு தெளிவான வாசகம், பதிவேட்டில் முழு விவரம்.

சிலர் ஐந்தாறு வரியில் ஓர் உதவி ஃபங்ஷன் எழுதிக்கொள்கிறார்கள். ப்ராமிஸைக் கொடுத்தால், பிழை, விடை என்று இரண்டையும் ஜோடியாகத் திருப்பித் தரும். நிரல் மேலிருந்து கீழாகப் படிக்க அழகாக இருக்கும். எனக்கும் இது பிடிக்கும், ஒரு நிபந்தனையோடு. ஒரு மாறியின் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால்கூட அது எழுப்பும் பிழையை இந்த ஃபங்ஷன் வாரிச் சுருட்டிக்கொள்ளும். தவறு நம்முடையது, திரையிலோ “இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்” என்று வரும். ஆகவே எதிர்பார்த்த பிழை வகைகளை மட்டும் ஜோடியில் கொடுத்து, மற்றதை மறுபடி எறிந்துவிட வேண்டும்.

இரண்டு பொறிகளை எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சர்வரிடம் கோரிக்கை அனுப்பும் ஃபெட்ச் ஃபங்ஷன், சர்வர் 404 என்றோ 500 என்றோ பதில் சொன்னால் அதைப் பிழையாகக் கொள்ளாது. பதில் வந்ததா என்பதே அதன் கணக்கு. பதிலில் உள்ள ஓகே என்ற பண்பை நாமே பார்த்து, பொய் என்றால் நாமே பிழையை எறிய வேண்டும். இன்னொன்று, அவைட்டை மறந்துவிடுவது. அப்போது கேட்ச் இருந்தும் பிழை அதைத் தாண்டிப் போய்விடும். 2020 அக்டோபரில் வந்த நோட் 15-ம் பதிப்பு முதல், யாரும் பிடிக்காத ரிஜெக்ட் ஒன்று நிரலையே நிறுத்திவிடுகிறது. பலருக்கு அது கடுமையாகப் பட்டது. மறைந்து கிடந்த பிழைகளை வெளியே இழுத்த நல்ல முடிவு அது என்பேன்.

இவற்றைவிட அதிகம் கவனிக்கப்படாதது பதிலே வராத நிலை. வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஃபெட்ச்சுக்கு நாம் காலக்கெடு வைக்கலாம். இத்தனை நொடிக்குள் பதில் இல்லையென்றால் கைவிடு என்று அபார்ட் சிக்னல் வழியாகச் சொல்ல வழி இருக்கிறது. ஆனால் பணம் கட்டும் கோரிக்கையில் கெடு முடிந்தது என்றால் பணம் போகவில்லை என்று ஆகாது. சர்வர் பணத்தை எடுத்துக்கொண்டு, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அந்த நேரத்தில் “தோல்வி, மீண்டும் முயலவும்” என்று காட்டுவது தவறு. பரிவர்த்தனை எண்ணை வைத்து நிலையை விசாரித்துக்கொண்டே, “பணம் சேர்ந்ததா என்று பார்க்கிறோம், மறுபடி கட்ட வேண்டாம்” என்று பயணிக்குச் சொல்ல வேண்டும்.