மார்சிலிங் வீட்டுக்குள் ஒரு பட்டறை

1986 மார்ச் 15 அன்று சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தில் நின்ற ஆறு மாடி லியன் யாக் கட்டடம் இடிந்து விழுந்தது. அதில் இயங்கிய ஹோட்டல் நியூ வோர்ல்டின் பெயரால்தான் அந்த விபத்தை இன்றும் சொல்கிறோம். 33 பேர் மாண்டார்கள். கட்டடம் சுமக்கப்போகும் ஆட்கள், பொருள்களின் எடை கணக்கில் இருந்தது. கட்டடத்தின் சொந்த எடை விட்டுப்போயிருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. சுவரில் கைவைக்க இத்தனை அனுமதி எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் அந்தக் கட்டடம்தான்.

மார்சிலிங் வட்டாரத்தின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்குக் கொல்லைப்புறம் கிடையாது. மரவேலையோ சாலிடரிங்கோ, பட்டறை வீட்டுக்குள்தான் அமைய வேண்டும். புதிய வீடு என்றால் எல்லார் கண்ணும் பாம் ஷெல்டர் மேல் விழும். புதிய வீடுகளில் பாதுகாப்பறையைக் கட்டாயமாக்கிய 1997ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வந்த வீடுகளில் இருக்கும் இந்தச் சிற்றறை, பல வீடுகளில் அரிசி மூட்டையும் பழைய பெட்டிகளும் வைக்கும் இடமாகிவிட்டது. உண்மையில் அது புளோக்கின் முதுகெலும்பு. ஒவ்வொரு மாடியின் ஷெல்டரும் கீழ்மாடி ஷெல்டரின் மேல் சரியாக உட்கார்ந்து, அடியிலிருந்து உச்சிவரை ஒரே கான்கிரீட் கோபுரமாக நிற்கிறது. குண்டுவெடிப்பின் அதிர்வைத் தாங்கும்படி கம்பி நெருக்கிக் கட்டிய சுவர் அது. அதன் உட்சுவரில் ஓடு பதிக்கவோ பூச்சு பூசவோ கூடாது. அதிர்ச்சியில் அவை பெயர்ந்து உள்ளே இருப்பவர்மேல் பாயும். துளையிட்டால் 10 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் நிறுத்த வேண்டும். எஃகுக் கதவையும் காற்றுத் துளைகளின் தகடுகளையும் கழற்றவே கூடாது.

ஆகவே சுவரில் எதையும் மாட்டாமல், தரையில் நிற்கும் இரும்பு ரேக்கை வாங்குங்கள். ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும். கைக்கருவிகளை அடுக்க ஷெல்டர் அருமையான இடம். ஆனால் அங்கே காற்றோட்டம் குறைவு. தின்னர், பசை, மரத்தூள் இவற்றுக்கெல்லாம் ஜன்னல் உள்ள சர்வீஸ் யார்டுதான் சரி.

பழைய புளோக்குகளில் ஷெல்டர் இல்லை, கவலை வேறு. கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு பல்லாண்டுகளாக ஊடுருவ, காரம் குறைகிறது. ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், கான்கிரீட்டை வெளியே தள்ளும், குளியலறைக் கூரையிலிருந்து அது துண்டு துண்டாகப் பெயர்ந்து விழும். அதைச் சரிசெய்யாமல் சாயம் அடித்து மறைப்பது ஆபத்து. 2007இல் அறிவிக்கப்பட்ட வீட்டு மேம்பாட்டுத் திட்டத்தில் இந்தப் பழுதுபார்ப்பும் அடங்கும்.

மின்சாரமும் கவனிக்க வேண்டியதே. 1994க்கு முந்திய பல வீடுகளில் மெயின் சுவிட்ச் 30 ஆம்பியர். 230 வோல்ட்டால் பெருக்கினால் 6,900 வாட். வாட்டர் ஹீட்டர், ஏர்கான், அடுப்பு ஓடும்போது ரம்பத்தையும் போட்டால் சுவிட்ச் விழுந்துவிடும். உரிமம் பெற்ற எலக்ட்ரிஷியனை அழைத்து முதலில் அதைப் பாருங்கள்.

புதுப்பிப்பில் பலரும் தவறவிடுவது பதிவு. பளபளக்கும் சமையலறையைப் படமெடுப்போம். பூச்சுக்குள் போன வயர்க்குழாயையும் தண்ணீர்க்குழாயையும் எடுப்பதில்லை. ஒப்பந்தக்காரர் சுவரைக் கீறிக் குழாய் பதித்த அன்றே, பூசுவதற்கு முன், அளவு நாடாவைச் சுவரோடு பிடித்து நேர் எதிரே நின்று படமெடுங்கள். தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், வாசல் நிலையிலிருந்து எத்தனை என்பது படத்திலேயே தெரிய வேண்டும். மூலை ஒன்றாவது சட்டகத்துக்குள் இருக்கட்டும். இல்லையென்றால் பிறகு அது எந்தச் சுவர் என்றே புரியாது. வீவகவிடம் வாங்கிய தரைப்படத்தில் அதே அளவுகளைக் குறியுங்கள். இடிக்கக் கூடாத கான்கிரீட் சுவர்களுக்குச் சிவப்பு மை. ஒரு பிரதியை மின்பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள். அடுத்து டிரில் எடுப்பவர் நீங்களாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.