பரிவு ஒரு பக்கம், பகை ஒரு பக்கம்

பெண்களை மட்டம் தட்டுகிறவர்கள் எல்லாருமே பழமைவாதிகளா, இல்லை மூளை மந்தமானவர்களா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மூளை ஸ்கேனைப் பார்த்தே ஒருவருடைய கட்சியைச் சொல்லிவிடலாம் என்கிற ரகச் செய்தி எதையோ படித்திருப்பார் போல. விஷயம் அவ்வளவு மலிவானதல்ல.

ஆணாதிக்க மனப்பான்மைக்கு இரண்டு முகம் உண்டு என்று 1996இல் காட்டியவர்கள் அமெரிக்க உளவியலாளர்கள் பீட்டர் கிளிக்கும் சூசன் ஃபிஸ்க்கும். அவர்களுடைய கேள்வித்தாளில் 22 வாக்கியங்கள். பாதி, பெண்ணை எதிராளியாகப் பார்க்கும் பகை. மீதி, அவளைப் பொத்திப் பாதுகாக்கத் துடிக்கும் பரிவு. ஒன்றில் அதிக மதிப்பெண் வாங்குகிறவர் பெரும்பாலும் மற்றதிலும் வாங்குகிறார். ஆனால் வேர் வேறு. நியூசிலாந்தில் ஜான் டக்கிட்டும் கிறிஸ் சிப்லியும் தோண்டிப் பார்த்தது அதைத்தான். உலகம் ஆபத்தானது, மரபும் கட்டுப்பாடும்தான் காப்பு என்று நினைப்பவரிடம் பரிவு தழைக்கிறது. உலகமே போட்டிக்களம், மேல் கீழ் இருப்பதுதான் இயற்கை என்பவரிடம் பகை.

நெரிசலான டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னவர் எழுந்து, "உட்காரும்மா" என்பார். பின்னவர், "லேடீஸ் சீட்டும் வேணும், எங்க சீட்டும் வேணுமா?" என்று முறைப்பார். இடம் கொடுத்தவர் அடுத்த நிறுத்தத்தில், "இந்த நேரத்துல தனியா எங்கம்மா?" என்பார், அதற்கடுத்ததில், "வீட்டுல சொல்லிட்டு வந்தியா?" அந்தப் பெண்ணே ஓட்டுநர் இருக்கையில் ஏறப் போனால் இருவரும் ஒரே குரலில் "ஹோல்டான்!"

   

இனி மூளை மந்தமா என்ற கேள்விக்கு, அதாவது சிந்தனைப் பாணிக்கு வருவோம். குழப்பம் பொறுக்காமல் சட்டென ஒரு முடிவான பதிலைப் பிடித்துக்கொள்ளும் தவிப்பு சிலருக்கு அதிகம். அந்தத் தவிப்பு, மரபும் கட்டுப்பாடும்தான் காப்பு, மேல் கீழ் இருப்பதுதான் இயற்கை என்று மேலே சொன்ன இரு மனப்பாங்குகள் வழியாகவே ஆணாதிக்கத்துக்குப் போகிறது என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் 2012இல் கண்டார்கள், ஆண்களிடம் மட்டுமல்ல, பெண்களிடமும். இது அறிவுக்குறைவு அல்ல. இரைச்சலிலும் அவசரத்திலும் யாருக்கும் இந்தத் தவிப்பு ஏறும் என்று சோதனைகள் சொல்கின்றன. தவிர, இவையெல்லாம் கூட்டத்தின் சராசரிகள். உங்கள் மாமனாரை இதை வைத்து அளக்க முடியாது.

கிளிக், ஃபிஸ்க் குழு 2000இல் 19 நாடுகளை ஒப்பிட்டது. ஆண்களின் பகை மிகுந்த நாடுகளில் பெண்கள் அந்தப் பகையை ஆண்கள் அளவுக்கு ஏற்கவில்லை. பரிவை மட்டும் ஆண்களுக்கு இணையாக, சில இடங்களில் அவர்களைவிடவும் அதிகமாக ஏற்றார்கள். அடி எங்கிருந்து விழுமோ என்றிருக்கும் இடத்தில் காவலுக்கு ஓர் ஆள் கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? அதற்கு எந்தச் சிந்தனைப் பாணியும் தேவையில்லை.