சுழலும் எஞ்சின்: எண்ணெய் மிச்சமாகுமா?

“புது மாதிரி எஞ்சின் வந்திருக்கிறதாம்! பிஸ்டனே கிடையாதாம்! ஒரு லிட்டர் எண்ணெயில் ஊரையே சுற்றி வரலாமாம்!”

மோட்டார் பட்டறைகளிலும் காப்பிக் கடைகளிலும் இந்தப் பேச்சு அவ்வப்போது அடிபடும். சம்பளம் வாங்கியதும் எண்ணெய்க்கென்று ஒரு பங்கை ஒதுக்கி வைக்கும் நமக்கு ஆசை பிறப்பது இயல்புதான். ஆசைப்படுமுன் உண்மை என்னவென்று பார்ப்போம், வாருங்கள்.

பிஸ்டன் இல்லாத எஞ்சின்

உங்கள் மோட்டார் சைக்கிளில் பிஸ்டன் ஏறி இறங்குகிறது அல்லவா? ஜெர்மானியரான பெலிக்ஸ் வாங்கெல் கண்ட ரோட்டரி எஞ்சினில் அந்த ஏற்ற இறக்கம் இல்லை. இடுப்பு சற்றே ஒடுங்கிய முட்டை வடிவக் கூட்டுக்குள், பக்கம் புடைத்த முக்கோணச் சுழலி ஒன்று சுற்றுகிறது. அதன் மூன்று பக்கங்களும் மாறி மாறிக் காற்றையும் எண்ணெயையும் உறிஞ்சி, அழுத்தி, எரித்து, புகையை வெளியே தள்ளுகின்றன. 1957-இல் என்.எஸ்.யூ. நிறுவனத்தில் இது முதன்முதலாக ஓடியது. உருவம் சிறியது, அதிர்வு குறைவு, வால்வும் கிடையாது.

குறை எங்கே?

சூடான தேநீர் குவளையில் இருந்தால் சூடு நிற்கும். தட்டில் ஊற்றினால் சீக்கிரம் ஆறிவிடும். இந்த எஞ்சினில் எண்ணெய் எரியும் இடம் தட்டைப் போல நீண்டு ஒடுங்கியது. வண்டியை ஓட்ட வேண்டிய சூடு சுவரோடு போய்விடுகிறது. எண்ணெயும் முழுதாக எரிவதில்லை. போதாக்குறைக்கு, முக்கோண முனைகளில் உள்ள சீல்கள் தேய்ந்தால் அழுத்தம் கசியும்.

ஹிரோஷிமாவின் சோதனை

ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1963-இல் கெனிச்சி யாமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்களை இதற்கென அமர்த்தியது. கூட்டின் உட்சுவரில் சீல்கள் போட்ட கோடுகளை அவர்கள் ‘பேயின் நகக்கீறல்’ என்றார்கள். அதை வென்று, 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் காரை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள்.

1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. எண்ணெய் குடிக்கும் காரை யார் வாங்குவார்? விற்பனை சரிந்தது. ஆலைத் தொழிலாளர் பலர் கார் விற்கும் வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். ஓர் எஞ்சினின் குறை எத்தனை குடும்பங்களைத் தொட்டது, பாருங்கள்!

நிறுவனம் தளரவில்லை. எண்ணெய்ச் சிக்கனத்தை 40 விழுக்காடு உயர்த்துவது என்று இலக்கு வைத்து உழைத்தது. 1978-இல் ஆர்.எக்ஸ்.-7 பிறந்தது. 1991-இல் பிரான்சின் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ரோட்டரி கார் முதலாவதாக வந்தது. ஆனாலும் எண்ணெய், புகைக் கட்டுப்பாடுகளுக்கு ஈடுகொடுப்பது கடினமாயிற்று. ஆர்.எக்ஸ்.-8 காரின் உற்பத்தி 2012-இல் நின்றது.

இப்போது என்ன புதுமை?

2023-இல் எம்.எக்ஸ்.-30 என்ற மின்சாரக் காரில் 830 சி.சி. ரோட்டரி எஞ்சின் ஒன்று வைக்கப்பட்டது. சீலின் தடிப்பு 2 மில்லிமீட்டரிலிருந்து 2.5 ஆயிற்று, எண்ணெய் நேரே எரியும் அறைக்குள் பீய்ச்சப்படுகிறது. முக்கியமான மாற்றம் வேறு: இது சக்கரத்தைச் சுழற்றுவதில்லை, மின்சாரம் உண்டாக்க மட்டுமே ஓடுகிறது. இடம் அடைக்காத, அதிர்வு குறைந்த எஞ்சினுக்கு ஏற்ற வேலைதான்.

ஜப்பானிய அளவீட்டில் அந்தக் கார் எண்ணெயில் ஓடும்போது லிட்டருக்கு 15.4 கிலோமீட்டர் கொடுத்தது. முன்னேற்றம் உண்மை, அற்புதம் எதுவுமில்லை.

ஆகவே வாசகர்களே, யாராவது அதிசய எஞ்சின் என்றால், “லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்? அளந்தது யார்?” என்று கேளுங்கள். உங்கள் பையன் பழைய ரோட்டரி காரை மலிவாக வாங்கத் துடித்தால், அந்த எஞ்சினை அறிந்த மெக்கானிக்கிடம் காட்டி, சுழலியின் மூன்று பக்கங்களிலும் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று சோதித்த பிறகே பணத்தை எண்ணிக் கொடுக்கட்டும். எஞ்சின் ஆயிலையும் சிறிது சிறிதாக எரிப்பது அதன் இயல்பு. அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.