புகைக்குழாயில் ஒரு காவலன்

கியாஸ் அடுப்பில் காற்று குறைந்தால் சுடர் மஞ்சளித்துப் பாத்திரம் கரிபிடிக்கும் என்பதை நம் இல்லத்தரசிகள் நன்கறிவர். மோட்டார் கார் என்ஜினுக்கும் விதி அதுவே. ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய, எடைக் கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்ஸைடு என்னும் மணமற்ற நச்சு வாயு பெருகும்.

இவ்வளவைக் காப்பதே மெக்கானிக்குகள் ஆக்ஸிஜன் சென்சார் என வழங்கும் சிறு கருவி. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் ஆக்கிய இது, 1976இல் வால்வோ கார்களில் முதன்முதலாக இடம்பெற்றது. புகைக்குழாயில் அமர்ந்து, அதிலுள்ள சிர்கோனியா என்னும் பீங்கான் நன்கு சூடேறியதும், புகையில் எஞ்சிய பிராணவாயுவை வெளிக்காற்றோடு ஒப்பிட்டு மின்னழுத்தம் தரும். பெட்ரோல் மிகுந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட், குறைந்தால் 0.1 வோல்ட். அச்செய்தி கொண்டு வண்டியின் கணினி பெட்ரோலைக் கணந்தோறும் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. இச்சமநிலை இருந்தால்தான் புகையைத் தூய்மையாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் தன் கடமையைச் செவ்வனே ஆற்றும்.

கருவி பழுதுற்றாலும் பெரும்பாலும் வண்டி ஓடவே செய்யும். ஆதலால் எச்சரிக்கை விளக்கைப் பலர் பொருட்படுத்துவதில்லை. வீணாவது நம் பணம் மட்டுமன்று. தெருவில் நடக்கும் குழந்தைகளின் மூச்சுக்காற்றும் மாசுறுகிறது. விளக்கு எரியின், காலந்தாழ்த்தாது வண்டியைச் செப்பனிடுவோமாக!